புதுப்பிப்பு: பட்டியலுக்குள் என்டர் தட்டினால் என்ன நடக்கணும்?

முன்பு கேட்டது: புரோஸ்மிரர் (ProseMirror: இணையப் பக்கத்தில் எழுதும் பெட்டி கட்ட உதவும் நிரலகம்) எடிட்டரில் பட்டியலுக்குள் என்டர் தட்டினால் புதுப் புள்ளி வராமல், அதே புள்ளிக்குள் இன்னொரு பத்தி விழுகிறது. காரணம் கட்டளைகளைச் சேர்த்த வரிசைதான். பட்டியல் உருப்படியைப் பிரிக்கும் கட்டளை அடிப்படை கீமேப்புக்கு (எந்த விசைக்கு எந்தக் கட்டளை என்ற அட்டவணை) முன்னால் இருக்கணும். பின்னால் போட்டால் சாதாரணப் பத்திப் பிரிப்பு முந்திக்கொள்ளும்.

வேலூர்க் கோட்டைக் குறிப்பில் சோதித்தாச்சு. "அகழி" முடிவில் என்டர்: புதுப் புள்ளி. அந்தக் காலிப் புள்ளியில் மறுபடி என்டர்: பட்டியலை விட்டு வெளியே. "1806 சிப்பாய்ப் புரட்சி" தலைப்பின் கடைசியில் தட்டினால் அடுத்தது பத்தி. நடுவில் தட்டினால் இரண்டுமே தலைப்பு.

தமிழில் தட்டுவோருக்கு இதைவிட முக்கியமானது ஒன்று: ஒலிபெயர்ப்பில் (ஆங்கில எழுத்தில் தட்டித் தமிழ் பெறும் முறை) சொல்லை உறுதிசெய்யும் என்டர் பத்தியை உடைக்கவே கூடாது. கீடவுன் (விசை அழுத்தும்) நிகழ்வை நீங்களே கையாண்டால் இஸ்கம்போசிங் (isComposing: சொல் இன்னும் உறுதியாகவில்லை என்ற குறி) பாருங்கள். சஃபாரி உலாவியில் அது ஏமாற்றும். கீகோடு (விசை எண்) 229-ஐயும், அதாவது விசையை உள்ளீட்டு முறை கையாள்கிறது என்ற அடையாளத்தையும், சேர்த்துப் பாருங்கள்.