பொருள்: 'குறுவீச்சு' பொருந்துமா? துப்பாக்கிக் கோளாறு ஒன்றுக்குச் சொல் வேண்டும்

கோவையிலிருந்து:

அவையோர்க்கு வணக்கம். முன்னாள் படைவீரர் ஒருவர் எழுதிய துப்பாக்கிப் பழுதுநீக்கக் கையேட்டைத் தமிழாக்கி வருகிறேன். திங்களன்று அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். சுடும்போது குழலிலுள்ள சிறு துளை வழியே பிரியும் வாயு, தோட்டா அறையை அடைத்துப் பூட்டும் தாழைப் ('போல்ட்') பின்னுக்குத் தள்ளுகிறது. தாழ் பின்னே போகையில் காலிக் கூட்டை இழுத்தெறிந்து சுருள்வில்லை அழுத்துகிறது. திரும்பி வருகையில் அடுத்த தோட்டாவை அறைக்குள் ஏற்றிப் பூட்டிக்கொள்கிறது. இந்த முழுச் செயலைச் 'சைக்கிளிங்' என்றும், வாயு போதாமல் தாழ் நடுவழியிலேயே திரும்பிவிடுவதை 'ஷார்ட் ஸ்ட்ரோக்கிங்' என்றும் சொல்கிறார்கள். சுழற்சி, குறுவீச்சு என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

பெருந்துறையிலிருந்து:

முன்னும் பின்னும் போய்வருவதைச் சுழற்சி என்பது எப்படித் தகும்? 'போக்குவரவு' என்க. இறைவனைப் போக்கும் வரவும் புணர்வும் இல்லாதவன் என்கிறது திருவாசகம். இக்கருவிக்கோ மூன்றும் வேண்டும், தாழ் பூட்டிக்கொள்வதே புணர்வு. நிற்க, துப்பாக்கி என்பதே 'துப்பு', அதாவது வலிமை, என்னும் நம் சொல்லடியாகப் பிறந்தது என்பது என் நெடுநாளைய கருத்து.

பல்லடத்திலிருந்து:

புலவர் ஐயா பொறுத்தருள வேண்டும். துப்பாக்கி துருக்கியிலிருந்து வந்த சொல் என்று சென்ற ஆண்டே இங்கு பேசி ஓய்ந்தோம். படையில் ஆயுதம் பழுதுபார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன்: குறுவீச்சு வேண்டவே வேண்டாம். நாங்கள் வைத்திருந்த 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர். துப்பாக்கியில், வாயு தள்ளும் பிஸ்டன் சிறிது தூரம் மட்டும் பாய்ந்து, தாழைச் சுமந்து செல்லும் தாழ் ஏந்தியைத் தட்டிவிட்டு நின்றுவிடும். கலாஷ்னிகோவிலோ பிஸ்டன் ஏந்தியோடு பிணைந்திருப்பதால் கடைசிவரை கூடவே போகும். முன்னதன் அமைப்புக்கே 'ஷார்ட் ஸ்ட்ரோக்' என்றுதான் பெயர். அமைப்புக்கும் கோளாறுக்கும் ஒரே சொல்லைப் போட்டால், நல்ல துப்பாக்கியைப் பழுது என்று கழற்றிப் போடுவார்கள். நம் பக்கம் மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஓட்டிய காலத்தில், மாடுகள் சரிவின் அடிவரை இறங்காவிட்டால் சால் மேலே எட்டாது, தண்ணீரும் வாய்க்காலுக்கு வராது. இந்தக் கோளாறும் அப்படித்தான். ஆகவே 'எட்டாப்போக்கு' என்பேன். கரி அடைத்த வாயுத்துளை, வலுக்குறைந்த தோட்டா, காய்ந்துபோன எண்ணெய் ஆகியவற்றைப் பார்த்த பிறகே வாயுவின் அளவைக் கூட்டிக் குறைக்கும் வாயுச் சீராக்கியைத் திருக வேண்டும் என்பதையும் கையேட்டில் சேர்த்துவிடுங்கள், தம்பி.

திருப்பூரிலிருந்து:

எட்டாப்போக்கு அழகாக இருக்கிறது ஐயா, ஆனால் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அதை எட்டாம் போக்கு என்று படித்து, முதல் ஏழும் எங்கே என்பார்கள். காலிக் கூடு வெளியே விழுந்தும் அடுத்த தோட்டா ஏறாமல் போவதுண்டு. தாழ் அப்போது பெரும்பகுதி தூரம் போயிருக்கும், சிறிதுதான் குறைந்திருக்கும். 'குறைபோக்கு' என்றால் இதுவும் அடங்கும்.

பெருந்துறையிலிருந்து:

எட்டா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பிள்ளைகளுக்கு இலக்கணம் தெரியவில்லை என்பதற்காகச் சொல்லைக் குறைப்பதா?

கோவையிலிருந்து:

அனைவருக்கும் நன்றி. போக்குவரவுக்கு மறுப்பு இல்லை. போக்குவரத்துக் கழகம் நினைவுக்கு வருமே என்ற தயக்கம் மட்டும் எனக்கு உண்டு. கோளாறுக்குத் திருப்பூர் நண்பர் சொன்ன குறைபோக்கு என்பதையே எழுதுகிறேன். கடைசித் தோட்டா தீர்ந்ததும் தாழ் பின்னே நின்றுவிடும் வகைத் துப்பாக்கியில், ஒற்றைத் தோட்டாவை இட்டுச் சுட்டுத் தாழ் நிற்கிறதா என்று பார்க்கும் சோதனைக்கு இனிப் பெயர் வைக்க வேண்டும்.

பல்லடத்திலிருந்து:

என் படியில் எட்டாப்போக்கு என்று பேனாவால் திருத்திக்கொள்வேன்.