கேஷுவாலிட்டியில் (அவசரப் பிரிவில்) உங்களுக்கு நடந்ததை எழுதுங்கள் (மும்பை)

தாராவிக்காரி:
பக்கத்து வீட்டு மிஷினில் அம்மாவுக்கு பிபி 190. தலை வெடிக்கிற மாதிரி வலி என்றாள். நடுராத்திரி, ஆட்டோ பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டோம். உள்ளே கால் வைக்க இடமில்லை. லோக்கல் ரயிலிலிருந்து விழுந்த பையன் ஒருவனை அப்போதுதான் கொண்டுவந்திருந்தார்கள். அந்த நெரிசலில் டாக்டர் இந்தியில், மாத்திரையை எப்போது விட்டீர்கள் என்று கேட்டார். அம்மா என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள்: "தீர்ந்து போச்சுடி. முறுக்குக் காசு வந்ததும் வாங்கலாம்னு இருந்தேன்." அதுவரை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாத்திரை தீர்ந்துவிட்டது என்று மட்டும் டாக்டரிடம் சொன்னேன். காசு விஷயத்தைச் சொல்ல வாய் வரவில்லை. மாத்திரை கொடுத்து, விடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அவள் சொன்னது மனதை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

மாட்டுங்கா தமிழன்:
கோபிக்காதீங்க சகோதரி. அந்த மாத்திரை மாநகராட்சி மருந்தகத்தில் இலவசம். 2022 முதல் ஆப்லா தவாகானா என்ற மாநகராட்சியின் இலவச கிளினிக்கும் இருக்கிறது, ராத்திரி 10 வரை. என் அப்பாவை வாய் கோணிய நிலையில் கொண்டுபோனேன். கேஸ் பேப்பர் (நோயாளிச் சீட்டு) போடும் கவுன்டரில் எனக்கு முன்னால் சளி, இருமல், கட்டு மாற்ற வந்தவர்கள். பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றவனுக்குத்தான் தெரியும்.

செம்பூர் அக்கா:
தம்பி, உங்கள் வேதனை புரிகிறது. ஆனால் சளிக்காரர் மேல் பழி போடாதீர்கள். வாசலிலேயே ஒரு நர்ஸ் அவசரத்தைப் பார்த்துப் பிரித்து அனுப்பியிருந்தால் அப்பா முதலில் போயிருப்பார். என் தங்கை மகனுக்கு வீசிங் வந்தாலும் ராத்திரியில்தான் ஓடுகிறோம். வீட்டு வேலை முடித்து அவள் வருவதற்குள் எல்லாம் மூடிவிடுகிறதே!

தாராவித் தங்கச்சி, நீ போனது சரிதான். மேல் எண் 180-ஐத் தாண்டி, கூடவே கடும் தலைவலி, நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பார்வை மங்கல், பேச்சுக் குழறல் எது இருந்தாலும் 108-ஐக் கூப்பிடு, ஆட்டோவுக்கு அலையாதே. இவை எதுவும் இல்லாமல் எண் மட்டும் ஏறியிருந்தால் உட்கார வைத்துக் கொஞ்ச நேரம் கழித்து மறுபடி பார், மறுநாளே டாக்டரிடம் காட்டு. கைக்குழந்தை இருக்கிற எல்லாருக்கும் சொல்கிறேன்: மூன்று மாதம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடியட்டும் என்று இருக்கவே கூடாது. அப்புறம், மாத்திரை அட்டையில் பாதி காலியானதுமே அடுத்ததை வாங்கிவிட வேண்டும். அம்மாவிடம் கேட்காதே, அட்டையை நீயே எடுத்துப் பார்.

தாராவிக்காரி:
சரிக்கா, பார்க்கிறேன். மருந்தகத்தில் பழைய சீட்டைக் காட்டினால் மாத்திரை தருவார்களா, அம்மாவையும் கூட்டிப் போகணுமா?