கலைச்சொல் வேண்டும்: இணைப்புக் குளமா, இணைப்பிருப்பா?

தொடங்கியவர்:
அனைவருக்கும் வணக்கம். ஐபிஎம்மின் வெப்ஸ்ஃபியர் என்னும் பயன்பாட்டு வழங்கியின் நிர்வாகத்துக்குத் தமிழில் ஒரு பயிற்சிக் கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். தரவுத்தள இணைப்புகளை முன்பே திறந்து வைத்து, கேட்கிற நிரலுக்குக் கொடுத்து, வேலை முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு (ஆங்கிலத்தில் connection pool) தமிழ்ச் சொல் தேடுகிறேன். ஒலிபெயர்ப்பு வேண்டவே வேண்டாம். வகுப்பில் அதை வாய்விட்டுப் படிக்க முடியாது. 'இணைப்புத் தொகுப்பு' என்று எழுதிப் பார்த்தேன், ஆனால் தொகுப்பு ஏற்கெனவே பத்துப் பொருளைச் சுமக்கிறது. டபிள்யூஎஸ்அட்மின் என்னும் வெப்ஸ்ஃபியரின் கட்டளைக் கருவியில் ஜைதான் மொழிக் குறுநிரல் எழுதி மாணவர்கள் மாற்றப்போகும் அமைப்புகளின் இயல்புநிலை மதிப்புகள்: குறைந்த அளவு 1, உச்ச அளவு 10, இணைப்புக்காகக் காத்திருக்க 180 நொடி, சும்மா கிடப்பதைக் கழிக்க 1800 நொடி. இந்த வரிகளிலெல்லாம் சொல் இயல்பாக உட்கார வேண்டும்.

கோவையிலிருந்து:
இணைப்புக் குளம். வன்தொடர்க் குற்றியலுகரம், ககரம் மிகும், சிக்கல் இல்லை. இணைப்பைத் திருப்பிக் கொடுக்காத நிரலால் வருவதைக் 'கசிவு' என்று இப்போதே சொல்கிறோம், அதுவும் குளத்தோடு சேர்ந்து வருகிறது.

மதுரையிலிருந்து:
குளம் பாசனத்துக்கும் உண்டு, கோயிலுக்கும் உண்டு. ஊரார் பொதுவில் எடுத்துக்கொள்வது ஊருணி. ஊர் உண்ணும் நீர்நிலை என்பதால் அந்தப் பெயர். 215ஆம் குறள் ஒப்புரவுக்கு அதைத்தானே உவமை சொல்கிறது? பல நிரல்கள் ஒன்றைப் பகிர்வதற்கு இதைவிடப் பொருத்தம் ஏது? இணைப்பூருணி என்று புணர்ச்சியும் இனிமையாக அமைகிறது.

சிங்கப்பூரிலிருந்து:
ஐயா, நீர்நிலைக்குள் ஏன் இறங்குகிறோம்? பொதுப் பணயத்தொகை என்ற பொருளில் வரும் pool என்ற அந்த ஆங்கிலச் சொல்லுக்கு வேர், கோழியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல். சூதாட்டத்தில் எல்லோரும் வைத்த பந்தயம் அது. நீர்க்குட்டையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு எழுத்து ஒன்றிப்போனது பின்னால் நடந்தது. பொருளும் ஒத்துவரவில்லை. ஊருணியில் மொண்ட நீரை யாரும் திரும்ப ஊற்றுவதில்லை. இணைப்பு திரும்பி வந்தே ஆக வேண்டும்.

தஞ்சையிலிருந்து:
சேமம் என்பதை எண்ணிப் பாருங்கள். புறநானூறு 102இல், மேடு பள்ளத்தில் என்ன ஆகுமோ என்று உப்பு வணிகரான உமணர் வண்டியின் கீழ்மரத்தில் கட்டி வைக்கும் சேம அச்சு வருகிறது. தேவைக்கு முன்பே ஆயத்தமாக வைத்திருப்பது. இணைப்புச் சேமம் எனலாம்.

கோவையிலிருந்து:
சேமம் வடசொல் வழி வந்தது. ஏமம் இருக்கும்போது அது எதற்கு?

தஞ்சையிலிருந்து:
இரண்டாயிரம் ஆண்டு பாட்டில் பழகிய சொல்லை விரட்டி யாருக்கு நன்மை, தம்பி? 'இணைப்பேமம்' என்று எழுதினால் பாதுகாப்பு அமைப்பு என்றுதான் மாணவர் நினைப்பார்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
சேம அச்சு முறிவு வந்தால் மட்டும் பயன்படும். இங்கே எல்லா இணைப்பும் நாள் முழுக்க வேலை செய்கிறது. நான் முன்வைப்பது இணைப்பிருப்பு. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் எவருக்கும் 'குறைந்தபட்ச இருப்பு' விளங்கும். வழுச்செய்தியில் 'இருப்பு தீர்ந்தது' என்றால் நள்ளிரவில் அதைப் படிப்பவர் அகராதி தேட மாட்டார். நிரலின் இழைகளுக்கும் (threads) இதே ஏற்பாடு உண்டே, அதற்கு இழையிருப்பு.

தொடங்கியவர்:
இது பிடித்திருக்கிறது. ஆனால் ஒரு தடை. கடையில் இருப்பு என்றால் விற்றது போக மீதி. உச்ச அளவு 10 என்பதில் நிரல்களின் கையில் இருப்பவையும் சேர்த்தி. 'உச்ச இருப்பு 10' என்று படித்தவர், பத்தும் ஓய்வாகக் காத்திருப்பதாக எண்ணித் தவறான எண்ணைக் குறுநிரலில் கொடுப்பார்.

கோவையிலிருந்து:
இன்னொன்று. ஓர் இணைப்பு கெட்டுவிட்டால் எல்லாவற்றையுமே கழித்துவிடுவதுதான் வெப்ஸ்ஃபியரின் இயல்புநிலை. 'குளத்தை முழுதும் வடி' என்றால் ஒரே சொல்லில் விளங்குகிறது. 180 நொடிக்கு ஒருமுறை நடக்கும் கழிப்புப் பணிக்குத் தூர்வாரல்.

மதுரையிலிருந்து:
தூர்வாரல் கூடாது. சும்மா கிடக்கும் இணைப்பு வண்டல் அல்ல, நல்ல நீர்தான். ஊருணிக்கு இடமில்லை என்றால் குளத்துக்கு என் ஒப்புதல் உண்டு.

தஞ்சையிலிருந்து:
குளம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சேமத்தை வேறொரு பொருளுக்குக் காப்போம்.

தொடங்கியவர்:
நன்றி. கையேட்டில் 'இணைப்புக் குளம்' என்றே போகிறது. 'குறைந்த அளவு', 'உச்ச அளவு', சும்மா கிடப்பதற்கான 'ஓய்வு வரம்பு' ஆகியவையும் அப்படியே. தூர்வாரலுக்குப் பதில் 'கழிப்பு இடைவெளி'. குறுநிரலின் கடைசி வரியில் மாற்றத்தைச் சேமிக்காவிட்டால் எல்லாம் வீணாகும் என்பதையும் தடித்த எழுத்தில் சேர்த்துவிட்டேன்.

யாழ்ப்பாணத்திலிருந்து:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். உச்சத்தில் வரும் குழப்பம் 'மொத்த இருப்பு' என்றால் தீரும். நீர் திரும்புவதில்லை என்ற சிங்கப்பூர் அம்மாவின் கேள்விக்கு இன்னும் எவரும் பதில் தரவில்லை. என் பாடக்குறிப்பில் இணைப்பிருப்பு என்றுதான் எழுதுவேன்.