சண்டைக்குப் பிறகு ஊரைச் சேர்ப்பது யார் வேலை?

பாலாற்றங்கரை:
குடியாத்தம் பக்கம் எங்கள் ஊர். மூன்று வருஷத்துக்கு முன் ஆடி மாசம் கூழ் ஊற்றும்போது ஊர்த்தெருவுக்கும் காலனிக்கும் அடிதடி. ஒரு பைக் எரிந்தது, காலனியில் நாலு பேருக்கு மண்டை உடைந்தது. அன்றிலிருந்து டவுன் பஸ் ஊருக்குள் வராமல் மெயின் ரோட்டிலேயே திரும்பிவிடும். காலனிப் பிள்ளைகள் அங்கன்வாடிக்கு வருவது நின்றது. தாசில்தார் ஆபீசில் இரண்டு தடவை பீஸ் கமிட்டி, அதாவது சமாதானக் கூட்டம், கூட்டினார்கள். கையெழுத்துப் போட்டோம், டீ குடித்தோம், பஸ் வரவில்லை.

நூறு நாள் வேலையில் ஏரிக்கால்வாய் தூர்வாரும்போதுதான் இரண்டு தெருப் பெண்களும் மறுபடி பேச்சுக் கொடுத்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் ரெண்டு கிலோமீட்டர் நடக்கிறதே என்பதில் ஆரம்பித்த பேச்சு. அவர்களே சேர்ந்து டெப்போவுக்குப் போனார்கள். பத்து நாளில் பஸ் வந்தது, பின்னாலேயே அங்கன்வாடியும் நிறைந்தது. இந்த வேலையை ஊர்க்காரர்களிடமே விடுங்கள். அதிகாரி கொண்டுவரும் அமைதி அவர் ஜீப் திரும்பும் வரைக்கும்தான்.

ஆம்பூர் டீச்சர்:
அண்ணா, ஊர்க்காரர்கள் என்றால் யார்? நாராயணபுரத்தை மறந்துவிட்டீர்களா? வாணியம்பாடி பக்கம், 2019 ஆகஸ்ட். சுடுகாட்டுக்குப் போகும் வழியை மறித்ததால் ஒரு தலித்தின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். வீடியோ வெளியே வந்தபின்தான் அதிகாரிகள் அசைந்தார்கள். உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தது. தனியாகச் சுடுகாட்டு நிலம் ஒதுக்கியபோது, அரசே சாதியைப் பிரித்து வைக்கலாமா என்றும் கேட்டது. வழியை மறித்தவர்களும் ஊர்க்காரர்கள்தானே. உங்கள் ஊரில் போட்ட கேஸ் என்ன ஆச்சு? அதைச் சொல்லவில்லையே.

பாலாற்றங்கரை:
வாபஸ் ஆனது, இரண்டு பக்கமும் பேசித்தான். நான் ஊர்ப் பெரிய மனிதர்களைச் சொல்லவில்லை டீச்சர், பெண்களைச் சொல்கிறேன். கென்யாவில் வஜீர் என்ற ஊரில் 1990-களின் தொடக்கத்தில் சோமாலி குலங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. எந்தக் குலத்துப் பெண்ணும் சந்தையில் வாங்கலாம், விற்கலாம் என்று காவல் நின்றது அங்கத்துப் பெண்கள். அவர்களில் ஒருவரான தெகா இப்ராஹிம் அப்திக்கு 2007-ல் ரைட் லைவ்லிஹுட் விருது கொடுத்தார்கள். அங்கே எந்த கலெக்டர் வந்து ஆரம்பித்து வைத்தார்?

ஆம்பூர் டீச்சர்:
ஆரம்பித்தது பெண்கள்தான், அதில் எனக்கும் பெருமை. ஆனால் அங்கே உருவான அமைதிக் குழுவை 1995-ல் மாவட்ட வளர்ச்சிக் குழுவோடு சேர்த்தார்கள், அரசாங்கம் உள்ளே வந்தது. சரி, உங்கள் ஊரில் கேஸை வாபஸ் வாங்கச் சொன்னது யார்? மண்டை உடைந்தவர் வீட்டுப் பெண்களைக் கேட்டார்களா? பஸ்ஸுக்கு விலையாக அந்தக் கேஸ் போயிருந்தால் அதை சமாதானம் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

மேல்மொணவூர் முகாம்:
என் அம்மா 1990-ல் இலங்கையிலிருந்து படகேறி வந்தவர். அதே வருஷம் அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள். போர் முடிந்து திரும்பிப் போன அந்த முஸ்லிம்களுக்கு வீட்டுத்திட்டப் பட்டியலில் பேர் ஏறுவதே பெரும்பாடாக இருந்தது. நிரந்தரமாக இங்கே இருக்கிறீர்களா என்று அதிகாரிகள் கேட்பார்கள். வீடில்லாமல் எப்படி இருப்பது? அக்கம்பக்கத்தார் எவ்வளவு அன்பாக இருந்தாலும் கூரை அந்தப் பட்டியல் வழியாகத்தான் வரணும். டீச்சர் கேட்பது சரி.

பழைய தலையாரி:
ரெண்டு பேரும் பஸ்ஸையே பேசறீங்க. பஸ் எல்லாருக்கும் வேணும், அதனால சேர்ந்தாங்க. தண்ணி அப்படி இல்ல. சண்டை நடந்த ஊர்ல நான் முதல்ல பார்க்கிறது டேங்க் வால்வைத்தான். யார் திறக்கிறாங்க, காலனிக்கு எத்தனை மணிக்கு விடறாங்க? அதைப் பார்த்துட்டு வந்து எழுதுங்க தம்பி.

பாலாற்றங்கரை:
இன்று காலையில் போய் நின்று பார்த்தேன். ஊர்த்தெருவுக்கு ஆறு மணிக்கு விடுகிறார்கள். காலனிக்குப் பதினொன்று. அந்த நேரத்தில் அங்கே பாதி வீடு பூட்டிக் கிடக்கிறது, எல்லோரும் ஷூ கம்பெனிக்குப் போயிருக்கிறார்கள். மூன்று வருஷமாக இது என் கண்ணில் படவில்லை. கேஸைப் பற்றிக் கேட்டதும் ஒரு அம்மா பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். டீச்சர், பி.டி.ஓ.வுக்கு ஒரு மனு எழுதித் தருவீர்களா? கையெழுத்துக்கு அந்த நூறு நாள் வேலைப் பெண்களிடம்தான் போகப்போகிறேன், இரண்டு தெருவுக்கும்.