உதவி: நீச்சல் தடாகம் பச்சையாகிவிட்டது, சனிக்கிழமை பிள்ளைகள் வருகிறார்கள்

மருமகன்: தெஹிவளையில் மாமா வீடு, கடல் பக்கம். ஒரு கிழமை மழைக்குப் பிறகு தண்ணீர் பச்சை. மூன்று நாளாகக் குளோரின் போடுகிறேன், அசையவில்லை. என்ன போடலாம்? அவசரம்.

பம்ப்காரன்: எத்தனை லீற்றர்? பௌடரா, குளிசையா? பி.எச். (தண்ணீரின் அமில, கார அளவு) பார்த்தீர்களா?

வத்தளைக்காரி: குழாய்க்கிணற்றுத் தண்ணீரா? அப்படியென்றால் இரும்புதான். எங்கள் வீட்டில் குளோரின் விழுந்ததும் தேத்தண்ணி நிறம் வந்தது.

கடற்காத்து: முழுவதையும் இறைத்துவிட்டு பவுசரில், தண்ணீர் லொறியில், நிரப்புங்கள். ஒரு நாள் வேலை.

பழையவர்: இதே கேள்விக்கு எழுதி எழுதிக் கை தேய்ந்துவிட்டது. கடற்காத்து, மழைக்காலத்தில் கடலோரத்தில் தடாகத்தை வெறுமையாக்கினால் நிலத்தடி நீர் கீழிருந்து தள்ளும், தளம் வெடிக்கும். அதற்கும் பவுசர் வருமா? வத்தளைக்காரி, இரும்பென்றால் பச்சையிலும் அடி தெரியும். கலங்கல் என்றால் பாசி. தம்பி, எது?

மருமகன்: கலங்கல். இரண்டாம் படியே தெரியவில்லை. 40,000 லீற்றர் இருக்கும். மிதவையில் குளிசை, ஒன்றரை வருடமாக அதுதான். குழாய்த் தண்ணீர். மோட்டரை இரவில் நிறுத்திவிடுவோம், கரண்ட் பில்.

பழையவர்: இதை முதலே சொல்லியிருக்கலாம். அந்தக் குளிசை கரையும்போது சயனூரிக் அமிலமும் இறங்கும், குளோரினை வெயிலிலிருந்து காக்கிற சாமான். குளோரின் செலவாகும், அது அப்படியே தங்கும். 100 பிபிஎம் (லீற்றருக்கு 100 மில்லிகிராம்) தாண்டினால் குளோரின் இருந்தும் சரியாக வேலை செய்யாது. அளந்து பாரும். கூட என்றால் ஒவ்வொரு அடியாக இறக்கி நிரப்பிப் பாதியை மாற்றும். பி.எச். 7.2க்குக் கொண்டுவாரும். அப்புறம் 65 வீதப் பௌடர் 600 கிராம், ஏறக்குறைய 10 பிபிஎம் ஏறும். பொழுதுபட்ட பிறகு போடும், வெயில் தின்றுவிடும். வாளியில் முதலில் தண்ணீர், பிறகு பௌடர். மிதவையை வெளியே எடும். குளிசையும் பௌடரும் சேர்ந்தால் தீப்பிடிக்கும். பச்சை விடும்வரை மாலைதோறும் இதுதான்.

பம்ப்காரன்: மோட்டர் இரவு பகலாக ஓடவேண்டும். வடிகட்டியின் அமுக்கம் 8, 10 பிஎஸ்ஐ கூடினால் பேக்வாஷ், தண்ணீரைத் திருப்பி ஓட்டிக் கழுவவேண்டும். செத்த பாசி வடிகட்டி மணலை அடைக்கும்.

கோவைத்தம்பி: தடாகம் என்றால் தாமரை பூக்கிற இடமல்லவா? நாங்கள் நீச்சல் குளம் என்போம்.

வத்தளைக்காரி: இங்கே குளம் என்றால் வயலுக்குப் பாய்வது. வவுனியாவில் கேட்டுப்பாருங்கள்.

கடற்காத்து: இப்போதைய நிறத்துக்குத் தாமரையும் பொருந்தும்.

பழையவர்: தாமரை இருக்கட்டும். இப்படியே விட்டால் நுளம்பு பெருகும், பி.எச்.ஐ., சுகாதாரப் பரிசோதகர், வாசலில் நிற்பார். தம்பி, அடி தெரியாத தண்ணீரில் பிள்ளைகளை இறக்காதேயும். தம்பி?

வத்தளைக்காரி: ஆளைக் காணோம்.

மருமகன்: சயனூரிக் 100க்கு மேல், சோதனைக் கிட்டில் அதற்கு மேல் கோடில்லை. பாதி மாற்றியாயிற்று. தண்ணீர் இப்போது பால்போல, மூன்றாம் படி தெரிகிறது. பிறந்தநாள் முற்றத்தில் முடிந்தது. மாமா கரண்ட் பில்லைப் பற்றி மட்டும் கேட்டார்.