புத்தகத் திருடனுக்குச் சாபம்: எங்கே, எப்படி எழுதினார்கள்?

ராமபாணப்பூச்சி:
திருடுகிறவன் கையில் புத்தகமே பாம்பாகிக் கடிக்கட்டும் என்று பார்சிலோனா மடமொன்றில் எழுதியிருந்ததாக ஒரு படம் சுற்றுகிறதே, நிஜமா? ஐரோப்பிய மடங்களில் உண்மையில் என்ன எழுதினார்கள்? எழுதியதைச் சுரண்டிவிட்டால் கண்டுபிடிக்க முடியுமா?

ஏட்டுக்கட்டு:
பாம்புச் சாபம் டூப். எட்மண்ட் பியர்சன் என்ற அமெரிக்க நூலகர், 18ஆம் நூற்றாண்டுப் புத்தகம் மாதிரி 1909-இல் விளையாட்டாக எழுதி வெளியிட்டதில் வருவது. அசல் பெரும்பாலும் ஒரே வரிதான். இங்கிலாந்தின் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்து வாசகம்: இது புனித ஆல்பனின் புத்தகம், இதை அபகரிப்பவனும் இந்தக் குறிப்பை அழிப்பவனும் 'அனத்தேமா' ஆகட்டும், ஆமென். அதாவது, திருச்சபையை விட்டே தள்ளிவைப்பு. 'குறிப்பை அழிப்பவனும்' என்பதைக் கவனியுங்கள். மடத்தின் பெயரைச் சுரண்டினால்தானே திருட்டுப் புத்தகம் விலைபோகும்?

நீட்டி முழக்கியதும் உண்டு. ஜெர்மனியில் 1172 வாக்கில் எழுதிய ஆர்ன்ஸ்டைன் பைபிளில், திருடன் வாணலியில் வறுபடணும், வலிப்பும் காய்ச்சலும் பிடிக்கணும், சக்கரத்தில் முறிபடணும், தூக்கில் தொங்கணும். படியெடுத்தவர் நல்ல கோபத்தில் இருந்திருக்கிறார்!

மாசிக்காய்:
முன்னாலுள்ள வெற்றுத்தாளில் மட்டும் எழுதினால் அந்தத் தாளையே கத்தியால் நறுக்கிவிடலாம். அதனால் இங்கிலாந்தின் ராச்செஸ்டர் மடம் போன்ற இடங்களில் நூல் தொடங்கும் பக்கத்தின் அடி ஓரத்தில் எழுதினார்கள். அதை வெட்டினால் நூலே மூளியாகிவிடும்.

சுரண்டியதைப் பார்க்கப் புற ஊதா விளக்கு ஒரு வழி. அந்தப் புத்தகங்களின் தாள் பதப்படுத்திய விலங்குத் தோல்; மாசிக்காய், அன்னபேதி (இரும்பு உப்பு), பிசின் சேர்ந்த மை அந்தத் தோலுக்குள் இறங்கிவிடும். விளக்கடியில் தோல் நீலமாக ஒளிரும்; மை இறங்கிய இடம் கறுப்பாக நிற்கும். ரொம்ப ஆழமாகச் சுரண்டியிருந்தால் ஒன்றும் தெரியாது. 19ஆம் நூற்றாண்டில் மாசிக்காய்ச் சாறு தடவி எழுத்தை மீட்டார்கள்; பின்னால் அந்த இடமே கறைபிடித்து, இப்போது விளக்கும் உதவாமல் போயிருக்கிறது.

ராமபாணப்பூச்சி:
நன்றி. சாபத்துக்குப் பயந்தார்களா?

ஏட்டுக்கட்டு:
ஆக்ஸ்ஃபோர்ட் பாட்லியன் நூலகத்தில் பாட்லி 132 என்ற சுவடியைப் பாருங்கள். ராபர்ட்ஸ்பிரிட்ஜ் மடத்துப் புத்தகம், திருடினாலோ விற்றாலோ அனத்தேமா என்று இருக்கிறது. அதன் கீழேயே 14ஆம் நூற்றாண்டில் எக்ஸிடர் பிஷப் ஜான் எழுதியிருக்கிறார்: அந்த மடம் எங்கே இருக்கிறதென்றே எனக்குத் தெரியாது, நான் திருடவில்லை, முறைப்படிதான் வாங்கினேன். புத்தகத்தைத் திருப்பித் தரவில்லை. ஆனால் சாப வரியைச் சுரண்டவும் இல்லை.