வெளில இருந்து வீட்டு நாஸுக்குள்ள (வீட்டு நெட்வொர்க்ல மாட்டியிருக்கற ஸ்டோரேஜ் பெட்டி) போக முடியல, உதவி ப்ளீஸ்

கேள்வி:
வணக்கம், அப்பா எடுத்த பழைய போட்டோ எல்லாம் ஸ்கேன் பண்ணி வீட்ல நாஸ்லதான் வச்சிருக்கேன். வைஃபைல நல்லா ஓடுது, மொபைல் டேட்டாவுக்கு மாறுனா டைம் அவுட். வெளில இருந்து வர்றது நாஸுக்குப் போகட்டும்னு ரவுட்டர்ல 5001 போர்ட் ஃபார்வர்டு பண்ணி, டைனமிக் டிஎன்எஸ்ஸும் (ஐபி அட்ரஸ் மாறினாலும் அதே பேர்ல கண்டுபிடிக்க) போட்டு ரெண்டு நாளா மல்லுக்கட்டுறேன், ஒண்ணும் நடக்கல.

பதில்:
ரவுட்டர் ஸ்டேட்டஸ் பேஜ்ல இருக்கற வான் ஐபியும் (ரவுட்டரோட வெளிப்பக்க அட்ரஸ்), கூகுள்ல "வாட் இஸ் மை ஐபி"ன்னு போட்டா வர்ற நம்பரும் ஒண்ணா?

கேட்டவர்:
இல்லங்க, ரவுட்டர்ல 100.72-ன்னு ஆரம்பிக்குது, அங்க வேற நம்பர்.

பதில்:
அப்போ சிஜிநாட்தான், அதாவது ஒரே ஐபியைப் பல வீட்டுக்குப் பகிர்ற முறை. 100.64-ல இருந்து 100.127 வரைக்கும் இருக்கறது ஐஎஸ்பி (நெட் குடுக்கற கம்பெனி) உள்ளுக்குள்ள குடுக்கற அட்ரஸ், ஒரே பப்ளிக் ஐபிக்குப் பின்னாடி நிறைய வீடு இருக்கும், அதனால நீங்க எத்தனை போர்ட் திறந்தாலும் வெளில இருந்து வர்ற கனெக்‌ஷன் உங்க ரவுட்டருக்கே வந்து சேராது. உங்க மேல தப்பே இல்ல. ஸ்டேட்டிக் ஐபி (உங்களுக்குன்னு மாறாத பப்ளிக் ஐபி) காசு குடுத்து வாங்கலாம், இல்லன்னா நாஸ்லயும் போன்லயும் டெயில்ஸ்கேல் (உங்க சாதனங்களை நெட் வழியா தனியா இணைக்கற ஆப்) போட்டு ஒரே அக்கவுண்ட்ல லாகின் பண்ணுங்க, ரெண்டுமே உள்ள இருந்து வெளிய கனெக்ட் ஆகறதால சிஜிநாட் தடுக்காது. டெயில்ஸ்கேலும் 100-ல ஆரம்பிக்கிற நம்பர்தான் குடுக்கும், குழம்பிடாதீங்க.

இன்னொருத்தர்:
அந்த போர்ட் ஃபார்வர்டை முதல்ல எடுத்துடுங்க ப்ரோ. 2022-ல டெட்போல்ட் ரேன்சம்வேர் (ஃபைலைப் பூட்டிட்டு காசு கேக்கற வைரஸ்) நெட்ல நேரடியா திறந்து கிடந்த நாஸ்களைத்தான் தேடித்தேடி லாக் பண்ணுச்சு. அப்பா போட்டோ வேற, தனியா ஒரு ஹார்ட் டிஸ்க்லயும் காப்பி வைங்க.

கேட்டவர்:
டெயில்ஸ்கேல் போட்டேன், பஸ்ல உக்காந்தே போட்டோ பாக்கறேன்! ரொம்ப நன்றிங்க, ஹார்ட் டிஸ்க் இன்னைக்கே வாங்கிடறேன்.